எண்ணையும் எழுத்தையும் இணைத்த ஆசிரியர்: சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், கணினி அறிவியல்)

ஆண்டு மலருக்குச் சான்றோர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு எங்கள் வகுப்பில் கேட்டபோது, நண்பர்கள் சிலர் கணித மேதை இராமானுஜனைத் தேர்ந்துகொண்டனர்; சிலர் சர் சி. வி. இராமனையும், வேறு சிலர் வ. உ. சிதம்பரனாரையும் எடுத்துக்கொண்டனர். அனைவரும் போற்றத் தக்கவர்களே. ஆயினும் நான் எழுதப் புகுந்திருப்பது சிங்கப்பூர்த் தமிழாசிரியர் ஒருவரைப் பற்றி. சிங்கப்பூர் இலக்கிய உலகிலும், கணினித் தமிழ் உலகிலும் நா. கோவிந்தசாமி என்ற பெயரை அறியாதார் இலர். அவர் மறைந்து கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. நம் வகுப்பறைகளில் மட்டும் அப்பெயர் ஏனோ அதிகம் ஒலிப்பதில்லை. நானும் சென்ற ஆண்டுவரை அதை அறியாதவனாகவே இருந்தேன். அறிய நேர்ந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தகரப் பெட்டியில் ஒரு குறுந்தகடு

எங்கள் வீடு இராயபுரத்தில் இருக்கிறது. அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். அம்மாவின் தந்தையாகிய என் அப்புச்சி, 2003-ஆம் ஆண்டில் வீட்டுமனைப் பட்டா கேட்டு ஒரு மனு எழுதினார். எழுதினார் என்பதைவிட எழுதுவித்தார் என்பதே சரி. கையெழுத்துப் போடுவதற்கு மேல் அவருக்கு எழுதத் தெரியாது. கம்ப்யூட்டர் கடையில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல, கடைப் பையன் தட்டச்சு செய்தான். எந்த ஆண்டு முதல் அங்கே குடியிருக்கிறோம், அந்த வரிசையில் எந்தெந்தக் குடும்பங்கள் இருந்தன, எந்தெந்தத் தேதியில் வரி கட்டினோம் என்பதெல்லாம் நான்கு பக்கம் வந்தது. பையன் அதை ஒரு சீடியிலும் பதிந்து கொடுத்தான். தாளையும் சீடியையும் அப்புச்சி தகரப் பெட்டியில் ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்தார்.

அப்புச்சி இன்று இல்லை. சென்ற ஆண்டு மழையில் வீடு ஒழுகி, பெட்டியில் இருந்த தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி நைந்துவிட்டன. பழைய மனுவின் நகல் தேவைப்பட்டது. சீடி இருக்கிறதே, நான் அச்செடுத்துத் தருகிறேன் என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். கணினியில் திறந்து பார்த்தால் ஒரு தமிழ் எழுத்தும் இல்லை. ஆங்கில எழுத்துகளும், தலையில் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகளும், அடைப்புக்குறிகளும் நான்கு பக்கத்துக்கு நிறைந்து கிடந்தன. அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்புச்சி சொல்லி எழுதிய மனுவை என்னால் படிக்க முடியவில்லை.

மறுநாள் எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் காட்டினேன். கோப்பு கெடவில்லை என்றார் அவர். அந்தக் காலத்தில் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென்று ஓர் எண் வரிசை வைத்திருந்தது. கடைக்காரர் பயன்படுத்திய வரிசை எது என்று தெரிந்தால் எழுத்துகள் திரும்பி வந்துவிடும் என்று விளக்கினார். இந்த நோயைத் தீர்க்கப் பாடுபட்டவர்களைச் சொல்லிக்கொண்டு வந்தபோது, முதற்பெயராக அவர் சொன்னதுதான் நா. கோவிந்தசாமி.

நூலுக்கு நம்பர் போல

அந்த நோய் என்னவென்று முதலில் பார்ப்போம். திருப்பூரில் வாழும் நமக்கு இதை விளக்குவது எளிது. நூல் வாங்கும்போது முப்பதாம் நம்பர், நாற்பதாம் நம்பர் என்று கேட்கிறோம். 840 கெஜம் நீளமுள்ள சிட்டம் முப்பது சேர்ந்தால் ஒரு ராத்தல் எடை வருமானால் அது முப்பதாம் நம்பர் நூல். கோவை மில்லில் வாங்கினாலும், இராசபாளையம் மில்லில் வாங்கினாலும் கணக்கு இதுதான். மில்லுக்கு மில் இந்தக் கணக்கு மாறினால் என்ன ஆகும்? நிட்டிங் மிஷினில் துணி சரியாக விழாது. வாங்கிய ஆர்டரும் நிற்காது. எல்லாரும் ஒப்புக்கொண்ட அளவையே தரம் என்கிறோம்.

கணினிக்கு எழுத்து என்று ஒன்று தெரியாது, எண்தான் தெரியும். ஆகவே ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரவேண்டும். ஆங்கிலத்துக்கு இந்த வேலை 1963-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நடந்தது. ஆஸ்கி எனப்படும் அந்த வரிசையில் 128 இடங்கள் உள்ளன. பெரிய ஏ எழுத்தின் எண் 65. எந்தக் கம்பெனி செய்த கணினியானாலும் 65 என்றால் ஏ தான். தமிழுக்கு அப்படி எல்லாரும் கைக்கொண்ட ஒரு வரிசை நெடுங்காலம் அமையவில்லை. ஒருவர் 171-ஐக் ககரம் என்று வைத்தால், இன்னொருவர் அதையே மகரம் என்று வைக்கலாம். ஒருவர் எழுதிய மடலை மற்றவர் திறந்தால் எங்கள் வீட்டு மனுவின் கதிதான்.

இளமையும் ஆசிரியப் பணியும்

நா. கோவிந்தசாமி 1946-ஆம் ஆண்டு பிறந்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்து, சப்பானியர் ஆட்சி நீங்கி, சிங்கப்பூர் மீண்டும் ஆங்கிலேயர் கைக்குப் போயிருந்த காலம் அது. அவர் வளர வளர நாடும் மாறியது. 1959-இல் தன்னாட்சி, 1963-இல் மலேசியாவுடன் இணைப்பு, 1965-இல் தனி நாடு என்று அடுத்தடுத்து மாற்றங்கள் நிகழ்ந்தன. புதிய நாடு மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என்னும் நான்கையும் ஆட்சி மொழிகளாக ஏற்றது. மக்கள் தொகையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்த தமிழரின் மொழிக்கு இது பெரும் பேறு. ஆனால் சட்டத்தில் இடம் பெறுவது வேறு, வாழ்க்கையில் இடம் பெறுவது வேறு அன்றோ? பள்ளிப் பாடங்கள் ஆங்கிலத்துக்கு மாறின. தாய்மொழி ஒரு பாடமாக மட்டும் நின்றது. தமிழ் மாணவன் தமிழைத் தேடி வரவேண்டுமானால், அவன் புழங்கும் இடங்களில் தமிழ் இருந்தாக வேண்டும். தமிழாசிரியர்கள் அன்றாடம் கண்ட உண்மை இது.

கோவிந்தசாமி அப்படிப்பட்ட தமிழாசிரியர்களுள் ஒருவர். ஆசிரியராகத் தொடங்கிய அவர், பின்னாளில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளர் ஆனார். ஆசிரியர்களை உருவாக்கும் நிறுவனம் அது.

கற்பிப்பதோடு அவர் நின்றுவிடவில்லை. சிறந்த கதாசிரியராகவும் விளங்கினார். தேடி, வேள்வி ஆகியவை அவருடைய கதை நூல்கள். இலக்கியக் களம் என்னும் அமைப்பை நடத்தி, சிங்கப்பூரில் வெளிவந்த சிறுகதைகளை ஆய்ந்து பேச வழி வகுத்தார். 1994-ஆம் ஆண்டில் தென்கிழக்காசிய எழுத்தாளர் விருது அவருக்குக் கிடைத்தது. ஓர் எழுத்தாளர் இத்தகைய சிறப்போடு மனநிறைவு கொண்டிருக்கலாம். அவரோ ஐம்பது வயதை நெருங்கும்போது, தமது துறைக்குச் சற்றும் தொடர்பில்லாதது என்று பலரும் நினைக்கும் ஒரு வேலையில் முழுமூச்சாக இறங்கினார்.

கணியன்

அவர் கணினிப் பொறியாளர் அல்லர் என்பதை நாம் நினைவில் கொள்ளவேண்டும். ஆயினும் தமிழைக் கணினியில் ஏற்றும் பணியில் ஈடுபட்டு, கணியன் என்னும் மென்பொருளை உருவாக்கி வெளியிட்டார். கணிப்பவன் என்று பொருள்படும் அச்சொல்லைக் கேட்டதும் சங்கப் புலவர் கணியன் பூங்குன்றனாரின் நினைவு நமக்கு வருகிறது. கணினிக்கும் சங்கத் தமிழுக்கும் ஒரே சொல்லில் பாலம் போட்ட பெயர் எனலாம்.

அவருக்கு முன்பே இத்துறையில் உழைத்தவர்கள் உண்டு. கனடாவில் வாழ்ந்த முனைவர் சீனிவாசன் 1984-இல் ஆதமி என்னும் தமிழ்ச் செயலியை வெளியிட்டார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இல் முரசு மென்பொருளைத் தொடங்கினார். சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய முனைவர் கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை இலவசமாகவே வழங்கினார். இவர்கள் ஒவ்வொருவரும் தமிழுக்குத் தொண்டு செய்தவர்களே. ஆனால் ஒவ்வொரு தொண்டும் வெவ்வேறு எண் வரிசையில் அமைந்துவிட்டது. ஒரே ஊருக்குப் பல பேர் ஆளுக்கொரு பாதை போட்டு, ஒரு பாதையும் மற்றொன்றோடு சேராமல் போனது போன்ற நிலை அது.

இந்நிலையில் 1995-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ஒரு நல்ல நிகழ்ச்சி நடந்தது. 1984 முதல் 1995 வரையிலான சிங்கப்பூர்க் கவிதைகளைத் தொகுத்து, நான்கு ஆட்சி மொழிகளிலும் இணையத்தில் வெளியிட்டார்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் இணைய ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த முனைவர் டான் டின் வீ முதலியோர் இதற்குத் தொழில்நுட்பத் துணை புரிந்தனர். தமிழ்ப் பகுதிக்கு உழைத்தவர் கோவிந்தசாமி. சிங்கப்பூர் அதிபர் ஓங் டெங் சியோங் அதனைத் தொடங்கி வைத்தார். உலகில் தமிழ் எழுத்திலேயே அமைந்த முதல் இணையப் பக்கங்களுள் அதுவும் ஒன்று. தமிழ்நாட்டில் இணையம் பொதுமக்களை எட்டத் தொடங்கியதே அந்த ஆண்டில்தான் என்பதை எண்ணிப் பார்த்தால் அதன் அருமை விளங்கும்.

அந்தப் பணியில் சீன மொழியோடு தமிழ் அருகருகே நின்றது. சீனத்துக்கு ஆயிரக்கணக்கான எழுத்துகள். தமிழுக்கோ 247 தான். இருந்தும் சீன அரசு 1980-ஆம் ஆண்டிலேயே தன் எழுத்துகளுக்கு ஒரு தேசியத் தரத்தை அறிவித்துவிட்டது. நம்மிடம் எழுத்தும் குறைவு, ஒற்றுமையும் குறைவு. இந்திய அரசு 1991-இல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக ஒரு வரிசையை வெளியிட்டது உண்மையே. தேவநாகரியை அடிப்படையாகக் கொண்ட அது, தமிழ் எழுத்தின் போக்குக்குப் பொருந்தவில்லை என்று பலர் கருதினர். கடல் கடந்த தமிழர்களிடம் அது பரவவும் இல்லை.

1997: ஒரே அரங்கில்

இங்கே நம் பாடத்திலிருந்து ஒரு செய்தியைச் சொல்லவேண்டும். கணினி மொழிகளுக்கும் ஒரு காலத்தில் இதே நோய் இருந்தது. ஒரு கம்பெனியின் கணினிக்கு எழுதிய நிரலை இன்னொரு கம்பெனியின் கணினி ஏற்காது. 1959-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில், கணினி செய்வோரும் அதைப் பயன்படுத்துவோருமாக ஏறத்தாழ நாற்பது பேர் ஒன்றுகூடினர். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான ஒரு வணிக மொழி வேண்டும் என்று முடிவு செய்தனர். கிரேஸ் ஹாப்பர் என்னும் கணிதப் பேராசிரியை முன்பு உருவாக்கியிருந்த மொழி அதற்குப் பெரிதும் வழிகாட்டியது. அப்படிப் பிறந்ததுதான் கோபால் மொழி. 1960 டிசம்பரில், ஒன்றுக்கொன்று போட்டியான இரண்டு கம்பெனிகளின் கணினிகளில் ஒரே கோபால் நிரலை ஓட்டிக் காட்டினார்கள். போட்டியாளர்கள் ஒரே மேசையில் அமர்ந்தால்தான் தரம் பிறக்கும் என்பதை அந்த வரலாறு காட்டுகிறது.

கோவிந்தசாமி தமிழுக்கு அப்படி ஒரு மேசையைப் போட்டார். 1997-ஆம் ஆண்டு மே மாதம் சிங்கப்பூரில் தமிழ்நெட் 97 என்னும் மாநாடு கூடியது. அதைக் கூட்டுவதில் முன்னின்றவர் அவரே. தமிழும் இணையமும் என்பதையே பொருளாகக் கொண்டு, பல நாட்டு அறிஞர்களும் மென்பொருள் வல்லுநர்களும் கூடிய முதல் உலகக் கூட்டம் அது. தம் கணியனே போதும் என்று அவர் தனிவழி நடந்திருக்கலாம். கணியனுக்குப் போட்டியான மென்பொருள்களை உருவாக்கியவர்களையும் ஒரே அரங்குக்கு அழைத்து, எல்லாருக்கும் பொதுவான விசைப்பலகையும் எண் வரிசையும் வேண்டும் என்ற பேச்சைத் தொடங்கி வைத்ததே அவருடைய பெருமை என்று நான் கருதுகிறேன்.

இடத்துக்கு நடந்த போராட்டம்

பேச்சு தொடங்கிவிட்டது, முடிவதுதான் எளிதாக இல்லை. மாநாட்டுக்குப் பின் மாதக்கணக்கில் மின்னஞ்சல் வழியே வாதங்கள் நடந்தன. அவற்றில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் நடந்தது என்பது வேடிக்கையும் வேதனையும் ஆகும். தமிழில் எழுதினால் மறுமுனையில் இருப்பவர் படிக்க, அவரிடமும் அதே எழுத்துரு இருக்கவேண்டுமே!

அப்படி வாதிட என்ன இருந்தது என்று தோழர்கள் கேட்கலாம். அக்காலக் கணினியில் ஒரு வரிசைக்கு 256 இடங்களே உண்டு. முதல் 128 இடங்களை ஆங்கிலம் பிடித்துக்கொண்டது. மீதி 128 இடங்களில் தமிழ் முழுவதும் அடங்கவேண்டும். 247 எழுத்துகளையும் அப்படியே வைக்க முடியாது. ஆகவே எழுத்துகளைப் பிரிக்க வேண்டியதாயிற்று. உயிர் 12, ஆய்தம் 1, அகரம் ஏறிய மெய் 18, புள்ளி வைத்த மெய் 18, தனித்தனி வடிவம் கொண்ட உகர ஊகார எழுத்துகள் 36 என்று கூட்டினால் 85 வருகிறது. கால், கொம்பு முதலிய துணைக் குறிகள் 6. டகர வரிசையில் தனி வடிவம் கொண்ட டி, டீ இரண்டு. ஆக 93. இதன் பிறகு ஜ, ஷ, ஸ, ஹ போன்ற வட எழுத்துகள், தமிழ் எண்கள், மேற்கோள் குறிகள் எல்லாம் வரிசையில் நிற்கின்றன. மேலும் அந்த 128 இடங்களில் சிலவற்றைக் கணினிகளே தம் சொந்த வேலைக்கு ஒதுக்கி வைத்திருந்தன. யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே நிறுத்துவது?

பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை 1978-இல் தமிழ்நாடு அரசு ஏற்று, ணா, றா, னா, லை முதலிய 13 எழுத்துகளின் பழைய வடிவங்களை மாற்றியது. அந்தச் சீர்திருத்தம் நடவாதிருந்தால் இந்த நெருக்கடி இன்னும் கூடியிருக்கும். அச்சுக் கோப்பவரின் சுமையைக் குறைத்த சீர்திருத்தம், இருபது ஆண்டுக்குப் பின் கணினியின் சுமையையும் குறைத்தது.

வாதம் எண்ணோடு முடியவில்லை. ஒவ்வொரு மென்பொருளுக்கும் பின்னால் அதை விலை கொடுத்து வாங்கியவர்கள் இருந்தனர். அதில் எழுதிச் சேமித்த கோப்புகள் இருந்தன. புதிய வரிசை வந்தால் பழையவற்றை மாற்றியாக வேண்டும். நாடுகளுக்குள்ளும் பார்வை வேறுபாடு இருந்தது. தமிழர்கள் மிகுதியாக வாழும் தமிழ்நாடு முடிவெடுக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. முதலில் உழைத்தவர்கள் அயலகத் தமிழர்கள். அவர்கள் பேச்சுக்கும் மதிப்பு வேண்டும் என்பது மறு கட்சி. இரண்டிலும் நியாயம் உண்டு. ஊர்க் கிணறு வெட்டும்போது எழும் வழக்குகளைப் போன்றவைதான் இவையும்.

1999: காணாமல் போன கண்கள்

1999-ஆம் ஆண்டு பிப்ரவரி 7, 8 நாட்களில் தமிழ்நாடு அரசு சென்னையில் தமிழ்நெட் 99 மாநாட்டை நடத்தியது. சிங்கப்பூரில் தொடங்கிய பேச்சு தாய்நாட்டுக்கு வந்து சேர்ந்தது. தமிழ் 99 என்னும் விசைப்பலகை அதன் பயனாகக் கிடைத்தது. உயிரெழுத்துகள் இடக்கையிலும், மெய்கள் வலக்கையிலும் அமைந்த விசைப்பலகை அது. பன்னிரண்டு உயிரும், பதினெட்டு மெய்யும், ஆய்தமும் இருந்தால் போதும். உயிர்மெய்யைக் கணினியே கூட்டிக்கொள்ளும். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானே புள்ளி வந்துவிடும். நம் இலக்கணமே இங்கு இயந்திரத்துக்கு விதியாயிற்று. எண் வரிசையில், தமிழ் மட்டும் எழுத ஒன்றும், தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுத ஒன்றுமாக, டாம், டாப் என இரண்டு வந்தன.

1999 மே 26 அன்று நா. கோவிந்தசாமி காலமானார். அவருக்கு வயது ஐம்பத்து மூன்றைத் தாண்டவில்லை. அவர் மறைந்த சில வாரங்களில், ஜூன் மாதத்தில், தமிழ்நாடு அரசு அந்தத் தரங்களை முறைப்படி அறிவித்து ஆணை வெளியிட்டது. எந்த நாளுக்காக அவர் அத்தனை பேரைக் கூட்டினாரோ, அந்த நாளைக் காண அவருடைய கண்கள் இல்லாமல் போயின. இதை எழுதும்போது என் நெஞ்சம் கனக்கிறது.

அவருக்குப் பின்

வரலாற்றை எழுதுவோன் உண்மையை மறைக்கலாகாது. அரசு ஆணை வந்ததோடு எல்லாம் தீர்ந்துவிடவில்லை. மின்னஞ்சல் வாதங்களில் உருவான திஸ்கி என்னும் வரிசை அயலகத்தில் வழங்கியது; டாம், டாப் தமிழ்நாட்டில் வழங்கின. அச்சகங்களும் கம்ப்யூட்டர் கடைகளும் தத்தம் பழைய எழுத்துருக்களை விடவில்லை. 2003-இல் எங்கள் அப்புச்சியின் மனுவைத் தட்டச்சு செய்த கடையும் அவற்றுள் ஒன்று. கணியன் வரிசையும் உலகப் பொதுத் தரம் ஆகவில்லை.

இறுதியில் நிலைத்தது யூனிகோடு என்னும் ஒருங்குறி. உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் ஒரே வரிசையில் இடம் தரும் திட்டம் அது. 1991-இல் வந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அதில் அகரத்தின் எண் 2949; ககரத்தின் எண் 2965. இந்த எண்ணை வேறு எந்த மொழியின் எழுத்தும் பெற முடியாது. ஆதலால் குழப்பத்துக்கு இடமில்லை. அதன் தமிழ்ப் பகுதி, இந்தியப் பொது வரிசையைப் பின்பற்றி அமைந்தமையால் குறை சொல்வோர் இன்றும் உண்டு. 2010-ஆம் ஆண்டு ஜூன் மாதம், நம் பக்கத்துக் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது, தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. அதனோடு, டேஸ் 16 என்னும் அனைத்து எழுத்து வரிசையை மாற்றுத் தரமாகவும் ஏற்றது. 2019-இல் பழந்தமிழ்ப் பின்னங்களும் அளவைக் குறிகளும் ஒருங்குறியில் இடம் பெற்றன. மா, காணி, முந்திரி என்று நம் முன்னோர் கணக்கிட்ட குறிகள் அவை. தரம் என்பது ஒரு நாளில் எழுதி முடிக்கும் பத்திரம் அன்று. தலைமுறை தோறும் திருத்திக்கொண்டே போகும் ஏடு என்பது இதனால் புலனாகிறது.

கோவிந்தசாமி போட்ட மேசையும் கலைந்துவிடவில்லை. 2000-ஆம் ஆண்டு ஜூலையில் அதே சிங்கப்பூரில் கூடிய மாநாட்டில், உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமாகிய உத்தமம் தோன்றியது. தமிழ் இணைய மாநாடுகளை அது தொடர்ந்து நடத்தி வந்திருக்கிறது. சென்னை மாநாட்டின் பயனாக 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பெற்று, இன்று தமிழ் இணையக் கல்விக் கழகமாக விளங்குகிறது. பொது வரிசை வேண்டும் என்று முதன்முதலில் கூடிப் பேசியவர்களின் உழைப்பு இவற்றுக்கெல்லாம் அடியில் கடைக்கால் போல் கிடக்கிறது. கட்டடத்தைப் பார்ப்பவர் கண்ணுக்குக் கடைக்கால் தெரிவதில்லை.

நான் கற்ற பாடம்

பேராசிரியர் சொன்னபடி, பழைய எழுத்துருக்களின் அட்டவணைகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். ஐந்தாவது அட்டவணை பொருந்தியது. சிறிய நிரல் ஒன்று எழுதி ஓட்டினேன். எண்ணுக்கு எண் மாற்றுவது மட்டும் போதவில்லை. பழைய முறையில் கொம்பு முன்னால் நிற்கும். எழுத்து பின்னால் வரும். ஒருங்குறியில் எழுத்து முதலில், குறி பின்னால். அதைத் திருப்பிப் போட இரண்டு நாள் பிடித்தது. மூன்றாம் நாள் மாலை, நான்கு பக்கமும் தமிழாக நின்றன.

வேலை முடிந்து வந்த அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அப்புச்சி பேசும் பேச்சு அப்படியே இருந்தது. கடைப் பையன் ஒரு சொல்லையும் திருத்தவில்லை போலும். பக்கத்து வீடுகளின் பெயர்கள், கட்டிய வரியின் தேதிகள், கடைசியில் தமக்குக் கையெழுத்துப் போட மட்டுமே தெரியும் என்று அவர் சொல்லி எழுதச் சொன்ன வரி, எல்லாம் வந்தன. அம்மா நடுவில் ஒருமுறை நிறுத்தச் சொல்லி, அந்தப் பெயர்களை மறுபடி படிக்கச் சொன்னார். பட்டா இன்னும் வரவில்லை. நகலை மனுவோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறோம்.

கணினி அறிவியல் படிக்கும் நாம், தரம் என்பதைப் பாடநூலில் வரும் வறண்ட பகுதியாக நினைத்துத் தேர்வுக்கு மட்டும் மனப்பாடம் செய்கிறோம். எழுதத் தெரியாத ஒரு முதியவரின் சொல் இருபது ஆண்டுக்குப் பின் அவர் பேரனுக்குக் கிடைக்குமா, கிடைக்காதா என்பதே அதில் அடங்கியிருக்கிறது. பணக்காரர் சொல்லைக் காப்பாற்றப் பத்திரமும் வழக்கறிஞரும் உண்டு. ஏழையின் சொல்லுக்கு எழுத்து ஒன்றே காப்பு. அந்த எழுத்து எல்லாரும் படிக்கும் எழுத்தாக இருக்கவேண்டும்.

நா. கோவிந்தசாமி பெரும் பொறியாளராக இருந்து இந்தப் பணியில் இறங்கவில்லை. தமிழாசிரியராக இருந்து இறங்கினார். தம் மாணவர் புழங்கப் போகும் உலகில் தமிழ் இல்லாமல் போய்விடக் கூடாது என்ற கவலை இருந்தால், எத்துறையினரும் எத்துறையையும் கற்றுக்கொள்ளலாம் என்பதற்கு அவர் வாழ்வே சான்று. கலைப் பிரிவு மாணவர்களும் அறிவியல் பிரிவு மாணவர்களும் ஒரே வளாகத்தில் பயிலும் நம் கல்லூரிக்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரி வேறு உண்டோ?

தோழர்களே! உங்கள் வீட்டுப் பெட்டியிலும் பழைய சீடி ஒன்று இருக்கலாம். எடுத்துப் பாருங்கள். படிக்க முடியாவிட்டால் கணினி அறிவியல் துறைக்குக் கொண்டு வாருங்கள். நான் எழுதிய நிரல் ஆய்வகத்தில் இருக்கிறது. அதில் இன்னும் பல அட்டவணைகளைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. சேர்ந்து செய்வோம். அந்த ஆசிரியப் பெருந்தகைக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன் அதுவாகவே இருக்கட்டும்.